வயல் எலி எந்த இனம்? டிஎன்ஏ பார்கோடிங்கில் கண்டறியும் முறை

ஆற்காடு, காட்பாடி பக்கத்து நெல் வயல்களில் வரப்பெலி, புல் எலி, சுண்டெலி எல்லாமே உண்டு. வளர்ந்த வரப்பெலியைப் பார்த்ததுமே சொல்லிவிடலாம். குட்டிகளிலும் சுண்டெலிகளிலும்தான் குழப்பம். சுண்டெலி இனங்களான மஸ் பூடுகாவையும் மஸ் டெரிகலரையும் உருவத்தால் பிரிப்பது கடினம். அங்கே கைகொடுப்பது மைட்டோகாண்ட்ரியாவின் சிஓஐ என்ற மரபணுவில் சுமார் 650 டிஎன்ஏ எழுத்து நீளமுள்ள பகுதி. விலங்கினங்களுக்கு இதையே இனத்தை அடையாளம் காட்டும் பார்கோடாக வைக்கலாம் என்று 2003இல் பால் ஹெபர்ட் குழு முன்மொழிந்தது.

மாதிரி எடுத்தல்

கல்லூரியின் விலங்கு நெறிமுறைக் குழு அனுமதி முதலில் வேண்டும். ஜவ்வாது மலைக் காட்டுப் பகுதி என்றால் வனத்துறை அனுமதியும் வேண்டும். கையுறை, முகக்கவசம் இல்லாமல் எலியைத் தொடாதீர்கள். எலியின் சிறுநீரில் எலிக்காய்ச்சலை உண்டாக்கும் லெப்டோஸ்பைரா கிருமி இருக்கலாம். எலி மேல் ஒட்டும் சிற்றுண்ணிகள் ஸ்க்ரப் டைஃபஸ் காய்ச்சலைப் பரப்பும். வேலூர் வட்டாரத்தில் அந்தக் காய்ச்சல் உண்டு.

காது ஓரத்தில் 2 மி.மீ. துண்டு போதும். 1.5 மி.லி. குழாயில் 95 சதவீதத்துக்குக் குறையாத எத்தனாலில் மூழ்கவிட்டு, மறுநாள் எத்தனாலை மாற்றுங்கள். ஃபார்மலின் கூடவே கூடாது, அது டிஎன்ஏவைப் பிணைத்துத் துண்டாக்கிவிடும். குழாயின் மேல் மார்க்கரில் எழுதினால் ஒரு சொட்டு எத்தனால் பட்டாலே எண் அழிந்துவிடும். கெட்டித்தாளில் பென்சிலால் எழுதி உள்ளேயே போடுங்கள். மே மாத வெயிலில் எத்தனால் ஆவியாகும், அதனால் மூடியைச் சுற்றி பாராஃபில்ம் என்ற மெழுகுப் படலம் அவசியம். அடுத்த எலிக்குப் போகுமுன் கத்தரியை 10 சதவீத பிளீச்சில் முக்கி, தண்ணீரில் அலசுங்கள்.

படமும் அளவுகளும் இல்லாத மாதிரி பாதி மாதிரிதான். உடல், வால், பின்பாதம், காது ஆகியவற்றின் நீளத்தையும் எடையையும் குறியுங்கள். பின்பாத அடியையும் படமெடுங்கள்: வரப்பெலிக்கு அங்கே ஆறு மேடுகள், புல் எலிக்கு நான்கோ ஐந்தோ.

டிஎன்ஏ பிரித்தல், பிசிஆர்

திசுவை முழுக்க உலர்த்துங்கள். எத்தனால் மிஞ்சினால் திசுவைக் கரைக்கும் புரோட்டினேஸ் கே நொதி சரியாக வேலை செய்யாது. அந்த நொதியோடு 56 டிகிரியில் ஓர் இரவு வைத்தபின் டிஎன்ஏ பிரிக்கும் கிட்டில் சொன்னபடி தொடரலாம்.

பிசிஆர் என்பது தேவையான டிஎன்ஏ பகுதியைப் பல நகல்களாகப் பெருக்கும் முறை. 25 மைக்ரோலிட்டர் பிசிஆர் கலவைக்கு: 2எக்ஸ் மாஸ்டர் மிக்ஸ் 12.5, நகலெடுப்பைத் தொடங்கிவைக்கும் சிறு டிஎன்ஏ துண்டுகளான இரு பிரைமர்கள் (10 மைக்ரோமோலார்) தலா 1, டிஎன்ஏ 2, தண்ணீர் 8.5. 94 டிகிரியில் 3 நிமிடம். பிறகு 94இல் 30 நொடி, 50இல் 45 நொடி, 72இல் 1 நிமிடம் என 35 சுற்று. கடைசியில் 72இல் 10 நிமிடம். எல்சிஓ1490, எச்சிஓ2198 என்ற பிரைமர் ஜோடி பாலூட்டிகளில் சிலசமயம் தவறும். அப்போது எம்13 என்ற பொது வரிசையை வாலாகச் சேர்த்த காக்டெயில் (பல பிரைமர்களின் கலவை) பிரைமர்களுக்கு மாறுங்கள். எழுத்து வரிசையைப் படிக்கும் சீக்வென்சிங்குக்கு அனுப்பும்போது எம்13 பிரைமர் என்று மறக்காமல் எழுதுங்கள்.

1.5 சதவீத அகரோஸ் ஜெல்லில் 700 எழுத்து நீளத்தின் அருகே ஒரே பட்டை வரவேண்டும். வராவிட்டால் டிஎன்ஏவைப் பத்து மடங்கு நீர்த்துப் பாருங்கள், தடைப்பொருள்களும் நீர்த்துவிடும். டிஎன்ஏ சேர்க்காத குழாயிலும் பட்டை தெரிந்தால் அந்தத் தொகுதி முழுவதையும் கொட்டிவிடுங்கள்.

முடிவைப் படித்தல்

அவசரம் ஆகாத இடம் இது. இரு திசையிலும் படித்த வரிசைகளை ஒன்றுசேர்த்து, மங்கலான முனைகளை வெட்டுங்கள். பிறகு முதுகெலும்பிகளின் மைட்டோகாண்ட்ரியக் குறியீட்டைத் தேர்ந்து புரதமாக மாற்றிப் பாருங்கள். நடுவில் புரத உருவாக்கத்தை நிறுத்தும் குறி வந்தால், உட்கருவுக்குள் இடம்பெயர்ந்த போலி நகல் வந்திருக்க வாய்ப்பு அதிகம். எலிகளில் இது நடக்கும். அந்த வரிசையை இனம் காணப் பயன்படுத்தாதீர்கள்.

தேறிய வரிசையை போல்டு, என்சிபிஐ பிளாஸ்ட் ஆகிய இரு இணையத் தேடல்களிலும் தேடுங்கள். 98 சதவீதத்துக்கு மேல் பொருந்தினாலும் முதல் பெயரோடு நிற்காமல் அடுத்த இருபது பெயர்களையும் பாருங்கள். வீட்டெலி இனங்களான ராட்டஸ் ராட்டஸ், ராட்டஸ் டனெசுமி பெயர்கள் தரவுத்தளங்களில் கலந்து கிடக்கின்றன. வீட்டெலிக்கு சைட்டோகுரோம் பி மரபணுவையும் சேர்த்துப் படிப்பதே நல்லது. மைட்டோகாண்ட்ரியா தாய்வழியே வருவதால் கலப்பினம் இதில் தெரியாது. சுன்கஸ் மியூரினஸ் என்று வந்தால் நீங்கள் பிடித்தது மூஞ்சூறு, அது கொறிணியே இல்லை. மனிதன் என்று வந்தால் மாதிரி மாசுபட்டிருக்கிறது. மிச்சத் திசுவிலிருந்து மறுபடி தொடங்குங்கள்.