மைனா வேவுக்கலம்: 25 சென்டிமீட்டர் மாடல் கட்டும் முறை

மைனா ஒரு கற்பனைக் கலம். மூன்று பேர், 60 நாள் பயணம். பெரிய கப்பலுக்கு முன்னால் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பும். எந்தக் கோளிலும் இறங்காது. கத்தியைக் கையில் எடுப்பதற்கு முன் இவ்வளவும் தாளில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கிடைத்த பாகத்தையெல்லாம் ஒட்டி, கடைசியில் பறக்கும் குப்பைத்தொட்டி மாதிரி ஒன்று வந்து நிற்கும்.

அளவு 1:72. விமானக் கிட்களில் வரும் விமானி பொம்மைகள் பெரும்பாலும் இதே அளவு என்பதால் ஆள் தேடி அலைய வேண்டாம். 18 மீட்டர் கலம் 250 மி.மீ. ஆகும், நம் கோலாலம்பூர் 12 மீட்டர் பஸ் ஒன்றரை நீளம் என்று மனதில் வைத்துக்கொண்டால் அளவு பிசகாது.

அடுத்தது கணக்கு. இதைத் தாண்டிப் போகிறவர்கள்தான் அதிகம், ஆனால் வடிவம் இங்கேதான் பிறக்கிறது. ஒருவருக்கு நாளைக்கு சுமார் 0.84 கிலோ ஆக்சிஜன். மூன்று பேர், 60 நாள் என்றால் 151 கிலோ. திரவமாக்கினால் 133 லிட்டர், 63 செ.மீ. குறுக்களவுள்ள ஒரு உருண்டைக்குள் அடங்கிவிடும். மாடலில் அது 9 மி.மீ. மணி! அவசரத்துக்கு இன்னொன்று சேர்த்து இரண்டு மணி போதும். முதுகெல்லாம் ஆக்சிஜன் சிலிண்டர் அடுக்குகிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

உண்மையில் இடத்தை விழுங்குவது வெப்பம். விண்வெளியில் காற்று கிடையாது. சூட்டைக் கதிராக மட்டுமே வெளியே தள்ள முடியும். நம் நிழல் வெப்பமான 27 டிகிரியில் வைத்த வெள்ளைத் தகடு ஒன்று, இரண்டு பக்கமும் சேர்த்து சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 830 வாட் தள்ளும். கலத்தின் கழிவு வெப்பம் 40 கிலோவாட் என்று வைத்துக்கொண்டால், அதைத் தள்ள 48 சதுர மீட்டர் வேண்டும். மாடலில் 50 மி.மீ. அகலம், 93 மி.மீ. நீளத்தில் இரண்டு இறக்கை. அவை இறக்கை மாதிரி தெரிந்தாலும் ரேடியேட்டர்கள்தான். ஒன்றையொன்று பார்த்தபடி வைத்தால் ஒன்றின் சூடு மற்றதில் விழும், ஆகவே இடம் வலமாக ஒரே தளத்தில் நீட்டுங்கள்.

உடலுக்கு ஹார்ட்வேர் கடை ஒயரிங் பைப். தண்ணீர் பைப் வேண்டாம், அதன் அளவு வேறு கணக்கு. 32 மி.மீ. பைப் 70 மி.மீ. நீளம் கேபின், நிஜத்தில் 2.3 மீட்டர் குறுக்களவு, ஆளுக்கு 7 கன மீட்டர். 2007 அக்டோபரில் மலேசியாவின் முதல் விண்வெளி வீரர் ஷேக் முசாபர் ஏறிப்போன ரஷ்ய சோயுஸ் கலத்தின் இறங்கு கூடு 2.2 மீட்டர் குறுக்களவுதான் என்பதால் இது கூச்சப்பட வேண்டிய அளவல்ல. 25 மி.மீ. பைப் 125 மி.மீ. நீளம் முதுகெலும்பு. அதே பைப்பில் இன்னொரு 25 மி.மீ. துண்டு மூக்கு. மிச்சம் 30 மி.மீ. இன்ஜினுக்கு.

சிறிய பைப்பைப் பெரியதற்குள் நுழைத்தால் சுற்றிலும் ஒன்றரை மி.மீ. அளவுக்கு இடைவெளி வரும். பைப்பின் சுவர் கனம் கடைக்குக் கடை மாறும், அளந்து பாருங்கள். 0.5 மி.மீ. ஸ்டைரீன் (மாடல் கிட் பிளாஸ்டிக்) பட்டையை மூன்று சுற்று சுற்றி நிரப்புங்கள். மாஸ்கிங் டேப் சுற்றினால் அன்றைக்கு இறுக்கமாக இருக்கும். நம் சூட்டில் பசை நெகிழ்ந்து, சில மாதத்தில் மூக்கு தொங்கிவிடும். பி.வி.சி.யையும் ஸ்டைரீனையும் சேர்க்க மாடல் சிமெண்ட்டை நம்பாதீர்கள். இரண்டையும் 240 நம்பர் மணல்தாளில் சுரண்டிவிட்டு எபாக்சி (இரண்டு டியூப் கலக்கும் பசை) போடுங்கள். பெட்டியில் 5 நிமிடம் என்று எழுதியிருந்தாலும் இங்கே அதற்கு முன்பே இறுகத் தொடங்கும், ஒரு மூட்டுக்கு மட்டும் கலக்குங்கள்.

தொட்டிகளுக்கு நான்கு டேபிள் டென்னிஸ் பந்து. மைனா தண்ணீரை அணு உலையில் சூடாக்கி நீராவியாகத் தள்ளி ஓடும் கலம். 40 மி.மீ. பந்து ஒன்று நிஜத்தில் பன்னிரண்டரை டன் தண்ணீர் பிடிக்கும். முதல் ஜோடியைக் கேபினுக்கு ஒட்டிய பின்புறம் வைத்தால் இன்ஜின் பக்கத்துக் கதிர்வீச்சையும் தடுக்கும். ரோல்-ஆன் உருண்டை எடுப்பாகத் தெரியும், ஆனால் பெரும்பாலும் பாலிபுரோப்பிலீன். பசையும் பெயிண்டும் பிடிக்காது. குப்பையில் எடுக்கும் எந்தப் பிளாஸ்டிக்காக இருந்தாலும் அடியில் முக்கோண எண்ணைப் பாருங்கள்: 6 என்றால் ஸ்டைரீன், எடுத்துக்கொள்ளலாம். 2, 5 என்றால் விட்டுவிடுங்கள். கன்டாம் (ஜப்பானிய ரோபோ) கிட்டில் மிஞ்சிய சாம்பல் நிற மூட்டு மூடிகளும் பசை பிடிக்காத ரகம்தான்.

இன்ஜின் குழலுக்கு கேக் ஐசிங் போடும் எவர்சில்வர் நாசில். 30 மி.மீ. உயரத்தில் ஒன்றைத் தேடி, அகன்ற வாய் வெளியே பார்க்கும்படி எபாக்சியில் வையுங்கள்.

வேவுக்கலத்துக்கு உயிர் மூக்கில் இருக்கிறது. ஒரு மீட்டர் ஆடியுள்ள தொலைநோக்கி 1,000 கி.மீ. உயரத்திலிருந்து ஏறத்தாழ 70 செ.மீ. பொருளைப் பிரித்துப் பார்க்கும். அந்த ஆடி மாடலில் 14 மி.மீ. மஸ்ஜித் இந்தியா பக்கத்துத் தையல் சாமான் கடைகளில் ஆரி வேலைக்கு விற்கும் வட்டக் கண்ணாடி இதற்கு அளவெடுத்ததுபோல் இருக்கும். குழாய்க்குள் 8 மி.மீ. உள்ளே தள்ளி வையுங்கள்; விளிம்போடு வைத்தால் ஜிமிக்கிக் கல் மாதிரி மின்னும். திறந்த நிலையில் ஒரு மூடியும் கீலும் கட்டாயம். திசை திருப்பும் குட்டிக் குழல்களை மூக்கில் ஒட்டாதீர்கள், நீராவி போய் ஆடியில் உறைபனியாகப் படியும். அவற்றின் இடம் முதுகெலும்பின் வால் பக்கம்.

பராமரிப்புக் கதவுகள் 8 மி.மீ. சதுரம், 0.25 மி.மீ. தகட்டில். எங்கே கதவு இருக்கிறதோ அங்கே ஒரு ஆள் போய்ச் சேர முடிய வேண்டும். காற்றுப்பூட்டிலிருந்து (ஆள் வெளியே போகும் இரட்டைக் கதவு அறை) ஒவ்வொரு கதவுக்கும் 8 மி.மீ. இடைவெளியில், 0.5 மி.மீ. செம்புக் கம்பியில் கைப்பிடிகளைத் தொடர்ச்சியாக வையுங்கள். இது அலுப்பான வேலை. 30 கைப்பிடியாவது வரும். ஆனால் மாடலைப் பார்க்கிறவர் கண் அந்தப் பாதையில்தான் நடக்கும், கலம் எவ்வளவு பெரிது என்று அப்போதுதான் பிடிபடும்.

கேபினை மூடுவதற்கு முன் விளக்கு. ஜாலான் பாசார் எலக்ட்ரானிக் கடைகளில் 3 மி.மீ. வார்ம் ஒயிட் எல்.இ.டி. மூன்று, சிவப்பு ஒன்று, 470 ஓம் ரெசிஸ்டர் நான்கு வாங்குங்கள். ஒவ்வொரு விளக்குக்கும் தனி ரெசிஸ்டர். 5 வோல்ட்டில் வெள்ளைக்கு 4 மில்லியாம்ப் போகும். கேபின் ஜன்னலுக்கு அது தாராளம். 20 மில்லியாம்ப் கொடுத்தால் பைப் சுவரே ஒளிரும். எப்படியும் உள்சுவரில் முதலில் கறுப்பு, அதன்மேல் வெள்ளை அடித்துவிடுங்கள். பவர் பேங்க்கில் செருகினால் சில விநாடியில் அணைந்துவிடலாம். விளக்கு கெடவில்லை. நான்கும் சேர்ந்து 20 மில்லியாம்ப்கூட இழுக்காததால், எதுவும் செருகவில்லை என்று நினைத்து அது தானே நிறுத்திக்கொள்கிறது. போன் சார்ஜரில் இந்தத் தொல்லை இல்லை.

ஜன்னல் ஓட்டை 6 மி.மீ.; முதலில் 2 மி.மீ. துளை, பிறகு மெதுவாகப் பெரிதாக்குங்கள். கண்ணாடியை வெள்ளைப் பசையில் ஒட்டுங்கள். சூப்பர் குளூ ஈரக்காற்றில் புகையும். அந்தப் புகை கண்ணாடியில் வெண்படலமாக உட்காரும். சூப்பர் குளூ டியூப்பை, தீபாவளி முறுக்கு வைக்கும் சிவப்பு மூடி பாலாங் ஜாடியில், சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு போட்டு வைத்தால் அதிக நாள் கட்டியாகாது.

பெயிண்ட்தான் கோலாலம்பூரில் பெரிய சோதனை. ஸ்பிரே ஆவியாகும்போது பரப்பு குளிர்கிறது, காற்றிலுள்ள ஈரம் அதில் படிகிறது, நல்ல வெள்ளை சாக்பீஸ் பூசியதுபோல் மங்கிவிடுகிறது. விடியற்காலையும் மழைக்கு முந்திய மாலையும் வேண்டாம். வெயில் ஏறி ஈரமானி 70 சதவிகிதத்துக்குக் கீழே காட்டும்போது, 25 செ.மீ. தள்ளி நின்று, மூன்று மெல்லிய பூச்சு, நடுவில் 15 நிமிட இடைவெளி. மங்கிவிட்டால் மணல்தாளைத் தேடாதீர்கள். காய்ந்த நாளில் மெதுவாக ஆவியாகும் தின்னரை மெல்லிய தூவலாக அடித்தால் பெரும்பாலும் தெளிந்துவிடும். கார் ஸ்பிரேயை ஸ்டைரீனில் நேராக அடிக்காதீர்கள், முதலில் ஒரு குப்பைத் துண்டில் பாருங்கள்.

கறை ஏற்றும்போது கலத்தின் வேலையை மறந்துவிடுவார்கள். மேலிருந்து கீழே வழியும் துருக்கோடு இந்தக் கலத்துக்குச் சேராது. அங்கே மழையும் இல்லை, துருப்பிடிக்க ஈரக்காற்றும் இல்லை, "கீழே" என்ற ஒன்றும் இல்லை. நீராவி இன்ஜின் கரியும் கக்காது. பின் என்ன கறை? வெயில் படும் பக்கத்தில் வெள்ளை லேசாகப் பழுப்பேறும். கைப்பிடிப் பாதையின் ஓரத்தில் பெயிண்ட் தேயும். இன்ஜின் குழலில் சூட்டு நிறம்: தொண்டைப் பக்கம் நீலம், நடுவில் ஊதா, விளிம்பில் வைக்கோல் மஞ்சள். இந்த வரிசையைத் தலைகீழாக்கினால் விவரம் தெரிந்தவர் உடனே கண்டுபிடிப்பார். பந்துகளின்மேல் எனாமல் வாஷ் (தின்னரில் நீர்த்த கறைப் பெயிண்ட்) போடுவதற்கு முன் பளபளப்பான கிளியர் பூச்சு அடியுங்கள், பந்து பெரும்பாலும் ஏ.பி.எஸ். பிளாஸ்டிக், அதில் அந்தத் தின்னர் ஊறினால் விரிசல் விடும்.

விண்கல் துகள் குழிகளை டிரில்லால் போட வேண்டாம். 2016இல் வெளியான படத்தில், சர்வதேச விண்வெளி நிலைய ஜன்னலில் தெரிந்த சில்லு 7 மி.மீ. அகலம். 1:72இல் அது 0.1 மி.மீ. தையல் ஊசி முனையால் ஒரு தொடு தொட்டால் அதுவே பெரிது.

ஸ்டாண்டுக்கு 3 மி.மீ. பித்தளைக் கம்பி. விரல்மேல் வைத்துச் சாயாத இடத்தைக் கண்டுபிடித்துத் துளையிடுங்கள். எவர்சில்வர் நாசிலால் வால் கனக்கும், மூக்கில் ஒரு தூண்டில் ஈயக் குண்டு போட வேண்டி வரலாம். டியூப் லைட்டுக்கு நேர்கீழே மட்டும் வைக்காதீர்கள். அங்கே பூச்சி வரும், பூச்சிக்குப் பல்லி வரும். பல்லி எச்சம் விழுந்தால் சுரண்டாமல், ஈரப் பஞ்சை ஐந்து நிமிடம் மேலே வைத்து ஊறவிட்டு ஒற்றி எடுங்கள்.