பப்பில் வரிசை கட்டாதீர்கள்

இங்கிலாந்தில் பப்புக்குள் நுழைந்து மேசையில் உட்கார்ந்து காத்திருந்தால், பெரும்பாலும் யாரும் வந்து கேட்க மாட்டார்கள். முதல் தடவை நான் இருபது நிமிடம் அப்படித்தான் அசடு வழிய உட்கார்ந்திருந்தேன். எழுந்து கவுன்டருக்குப் போங்கள். கொரோனாவுக்குப் பிறகு பல பப்களில் அங்கேயும் ரேஷன் கடை மாதிரி ஒருவர் பின் ஒருவராக நிற்கிறார்கள். எனக்கு அது பிடிப்பதில்லை. கவுன்டர் நெடுக எங்கே இடம் இருக்கிறதோ அங்கே நில்லுங்கள். பணத்தை ஆட்டாதீர்கள், கூப்பிடாதீர்கள். ஊற்றுகிறவரின் கண்ணைப் பார்த்தால் போதும். உங்களுக்கு முன்னால் வந்தவரை விட்டுவிட்டு உங்களைக் கேட்டால், "இவர்தான் முதலில்" என்று கை காட்டுங்கள். பக்கத்தில் நிற்பவருடன் பேச்சு அங்கேதான் தொடங்கும்.

பீரைப் பைன்ட் கணக்கில் கேட்பார்கள்; ஒரு பைன்ட் என்பது 568 மில்லி. முடியாவிட்டால் அரை பைன்ட் கேளுங்கள். மது வேண்டாமா, எலுமிச்சை சோடா சொல்லுங்கள், யாரும் ஒரு மாதிரி பார்க்க மாட்டார்கள்.

நண்பர்களோடு போனால் 'ரவுண்ட்' முக்கியம்: ஒருவர் எல்லோருக்கும் வாங்குவார், அடுத்த முறை இன்னொருவர். உங்கள் முறை வரும்போது கழிவறைக்கு நழுவினால் ஊரே பேசும்!

செவ்வாய், புதன் மாலைகளில் போங்கள், பப்காரர்களுக்கு உதவியாக இருக்கும். சூப்பர்மார்க்கெட் பீர் மலிவு, இளைஞர்கள் குடிப்பதும் குறைந்துவிட்டது. வாரநாட்களில் கூட்டமில்லாமல் பல பப்கள் தள்ளாடுகின்றன. அப்புறம், கிளம்பும்போது காலி கிளாஸைக் கவுன்டரில் வைத்துவிட்டு வாருங்கள்.