கம்பளம் வாங்கப் போகிறீர்களா? முதலில் புரட்டிப் பாருங்கள்

சென்னையில் ஒரு கண்காட்சியில் "கைவேலை சார், காஷ்மீர்" என்றார்கள். நம்பி வாங்கி ஹாலில் விரித்தேன். இரண்டு மழைக்காலம் போனதும் அடியில் வெள்ளைத் தூள் கொட்டியது, ரப்பர் வாடை வேறு. அப்புறம்தான் தெரிந்தது, அது டஃப்டட் ரகம்: துணியில் கருவியால் இழையைக் குத்தி, லேடக்ஸ் பசை தடவி, பின்னால் இன்னொரு துணியை ஒட்டிவிடுவார்கள். கைவேலை என்பது பொய்யில்லை, இழையை ஒவ்வொன்றாகக் கையால் கட்டும் முடிச்சுதான் இல்லை.

அதனால் முதல் வேலை, மூலையைப் புரட்டுவது. முதுகில் துணி ஒட்டியிருந்தால் அது டஃப்டட். முன்பக்க டிசைன் பின்னாலும் அப்படியே தெளிவாகத் தெரிந்து, சின்னச் சின்னப் புடைப்புகளும் வரிசையில் லேசான கோணலும் இருந்தால் கைமுடிச்சு. அடுத்து குஞ்சத்தைப் பாருங்கள். நல்ல கம்பளத்தில் பாவு நூலே, அதாவது நீளவாக்கில் ஓடும் அடிப்படை நூலே, வெளியே நீண்டு குஞ்சமாகும். தனியாகத் தைத்திருந்தால் சந்தேகப்படுங்கள்.

சரி, இப்போது முடிச்சுகளை எண்ண வேண்டும்; நெருக்கம் கூடினால் வேலை நுணுக்கம் என்று அர்த்தம். ஸ்கேலைப் பின்பக்கம் வைத்து, ஓர் அங்குல அகலத்தில் எத்தனை முடிச்சு, ஓர் அங்குல நீளத்தில் எத்தனை என்று பார்த்துப் பெருக்குங்கள். 12க்கு 12 என்றால் சதுர அங்குலத்துக்கு 144. காஷ்மீர் பட்டுக் கம்பளங்களில் 18க்கு 18, அதாவது 324, சாதாரணமாகக் கிடைக்கும். புதிதாக எண்ணுபவர்கள் சறுக்கும் இடம் ஒன்று உண்டு: ஒவ்வொரு முடிச்சும் இரண்டு பாவு நூலைப் பிடிப்பதால், பக்கத்தில் பக்கத்தில் ஒரே நிறத்தில் இரண்டு புடைப்பாகத் தெரியலாம். அது ஒரே முடிச்சு. இரண்டாக எண்ணினால் கணக்கு இரட்டிப்பாகிவிடும், விற்பவர் திருத்த மாட்டார்!

எண்ணிக்கையே எல்லாம் இல்லை. நேபாளத்தில் நெய்யும் திபெத்தியக் கம்பளங்களில் பெரும்பாலும் 60 முதல் 100 முடிச்சுதான். கம்பளி நன்றாக இருந்தால் அவையும் நன்றாகவே உழைக்கும்.

சாயத்துக்கு, ஈரமான வெள்ளைக் கைக்குட்டையால் சிவப்பு, நீலம் இரண்டையும் அழுத்தித் தேயுங்கள். கறை ஏறினால் வேண்டாம்.

பட்டு என்கிறார்களா? கேட்டுக்கொண்டு ஓர் இழையைப் பிடுங்கிக் கொளுத்துங்கள். பட்டும் கம்பளியும் முடி கருகுவதுபோல் நாறும். மரக்கூழ் போன்றவற்றிலிருந்து செய்யும் விஸ்கோஸ் இழை காகிதம்போல் எரியும். நைலான் உருகி உருண்டையாகும். "பாம்பூ சில்க்" என்பதும் விஸ்கோஸ்தான்.

கடைசியாக, "கைமுடிச்சு, அசல் பட்டு" என்று பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். தயங்கினால், கொடுத்த டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பிவிடுங்கள்.