பாவித்த போட்டோக்கொப்பி மெஷின் வாங்கும்போது
பாவித்த போட்டோக்கொப்பி மெஷின் பார்க்கப் போனால், எந்த வருட மொடல் என்று கேட்பதற்கு முன், மொத்தம் எத்தனை பிரதி ஓடியிருக்கிறது என்று காட்டும் கவுண்டர் பக்கத்தை அச்சடித்துத் தரச் சொல்லுங்கள். எழுத்தைத் தாளில் பதிக்கும் டிரம், மைத்தூளைச் சூட்டால் ஒட்டவைக்கும் பியூசர், தாள் இழுக்கும் ரோலர் எல்லாம் பெரும்பாலும் ஓடிய பிரதிகளுக்கு ஏற்பத்தான் தேயும். கச்சேரி (மாவட்டச் செயலகம்) பக்கக் கடையில் இரண்டு வருடம் உழைத்த மெஷின், சின்ன அலுவலகத்தில் ஆறு வருடம் நின்றதைவிடக் களைத்திருக்கலாம். அப்புறம், திருகோணமலைக் கடற்காற்றில் நின்றது என்றால் பின்மூடியைத் திறந்து துருவையும் பாருங்கள். அதைக் கவுண்டர் காட்டாது.

ரீகண்டிஷன் மெஷினுக்கு, அதாவது தேய்ந்த பாகங்களை மாற்றித் திருத்தி விற்பதற்கு, இந்தக் கவுண்டர் கணக்கு மட்டும் போதாது. எந்தெந்தப் பாகம் மாற்றியது என்று பில்லில் எழுதி வாங்குங்கள். ஒரு நாள் நின்றாலே தொழில் படுத்துவிடும் என்றால், உத்தரவாதத்தோடு புதியதே சரி.