முதல் பட்டமளிப்பு விழாவில் பெயர் வாசிக்கப் போகிறீர்களா?

கல்லூரியில் சேர்ந்த முதல் வருடமே துறைத்தலைவர் பட்டியலைக் கையில் கொடுத்து, "நீங்களே வாசிச்சிடுங்க மேடம்" என்று சொல்லிவிடுவார். எனக்கு அப்படித்தான் நடந்தது.

சேலத்தில் பெரியார் பல்கலைக்கழகத்தின் இணைப்புக் கல்லூரிகளில் படிக்கும் பெரும்பாலான பிள்ளைகள் பட்டம் வாங்குவது அவரவர் கல்லூரி மேடையில்தான். பெங்களூர் நெடுஞ்சாலையில் இருக்கும் பல்கலைக்கழக வளாகத்துக்குப் போய் வேந்தர் கையால் வாங்குபவர்கள் கொஞ்சம் பேர். அதனால் நீங்கள் வாசிக்கும் அந்த இரண்டு நொடியைக் கேட்கத்தான் வீட்டில் எல்லோரும் கிளம்பி வருகிறார்கள்.

முதலில் பெயர்கள். பட்டியல் ஆங்கிலத்தில்தான் அச்சாகி வரும். அதில் தரணியும் தாரணியும் ஒரே எழுத்துதான். நான் தெற்கத்திக்காரி, மாதேஷை "மதேஷ்" என்று வாசித்தேன். மேட்டூர், தருமபுரிப் பக்கம் வீட்டுக்கு வீடு இருக்கும் பெயர். கடைசி வரிசையில் எழுந்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. ஒத்திகை நாளில் ஆளுக்கொரு துண்டுச்சீட்டு கொடுத்து, பெயரைத் தமிழில் எழுதி வாங்கிவிடுங்கள். அதைப் பென்சிலால் உங்கள் பட்டியலில் ஏற்றிக்கொண்டு, வீட்டில் இரண்டு முறை சத்தமாக வாசியுங்கள்.

அடுத்தது வராதவர்கள். சான்றிதழ்கள் வரிசை எண்படி அடுக்கியிருக்கும். ஒருவர் வராவிட்டால் அடுத்தவர் கைக்கு இன்னொருவர் சான்றிதழ் போய்விடும். விழா அன்று காலை வருகையைச் சரிபார்த்து, வராதவர் பெயரை அடித்துவிடுங்கள். சான்றிதழை எடுத்துக் கொடுப்பவருக்கும் சொல்லுங்கள். ஏற்காட்டிலிருந்து வரும் பிள்ளைகளை மட்டும் அவசரப்பட்டு அடிக்காதீர்கள். 20 கொண்டை ஊசி வளைவு இறங்கி அந்தப் பஸ் வர வேண்டும்.

அப்புறம் அங்கி. முந்தின நாளே வாங்கிப் போட்டுப் பாருங்கள். தோளில் போடும் பட்டுத்துணி நழுவும். பக்கத்துக்கு ஒரு ஊக்கு குத்துங்கள். கை அகலமாக இருப்பதால் தாளைப் புரட்டும்போது மைக்கில் மாட்டும். உள்ளே பருத்திப் புடவைதான் சரி. சேலம் வெயிலில், அங்கிக்குள் பட்டு தாங்காது.

மேடையில். ஊர்வலமாக வந்து இருக்கைமுன் நில்லுங்கள். தமிழ்த்தாய் வாழ்த்து 55 நொடி. அதற்குள் தாளைச் சரிபார்க்கத் தோன்றும், வேண்டாம். முதல்வர் விழாவைத் தொடங்கிவைத்ததும் துறைவாரியாக அழைப்பார்கள். சான்றிதழ் வாங்கியவர் நகர்ந்த பிறகே அடுத்த பெயர். பின்னாலிருந்து யாராவது "சீக்கிரம்" என்று கையாட்டுவார்கள், கண்டுகொள்ளாதீர்கள்.

உறுதிமொழி, நாட்டுப்பண் முடிந்து ஊர்வலம் வெளியேறும்வரை யாரும் இடத்தைவிட்டு நகரக்கூடாது. வெளியே வந்ததும் அங்கியைத் திருப்பிக் கொடுக்க ஓடாதீர்கள். அம்மா அப்பாவோடு பிள்ளைகள் போட்டோ எடுக்கத் தேடி வருவார்கள். அலுவலக அண்ணனிடம் ஒப்படைத்துக் கையெழுத்து போட்டுவிட்டால், மறுபடி கேட்டாலும் தர மாட்டார்.