பாரிஸில் ‘ஒரு வாரம்’ என்றால் ஏழு நாள் இல்லை

அக்டோபரில் ஒரு திங்கட்கிழமை காலை. கார் து நோர் ஸ்டேஷன் கேட்டில் நின்றுகொண்டு அக்கா போன் செய்தாள். “தம்பி, வியாழக்கிழமைதானே பாஸ் வாங்கினோம்? இன்னும் மூணு நாள் பாக்கி இருக்கு. கதவு திறக்க மாட்டேங்குது, சிவப்பா எரியுது.”

அவளுக்குப் பின்னால் மாமா, மகன், மருமகள். நாலு பேர் கையிலும் நாலு கார்டு. நாலும் முந்தின நாள் ராத்திரியே செத்துப்போயிருந்தன.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. இதே தவறை நான் 2016-ல் செய்தேன். என் நண்பன் செய்தான், அவன் மாமனார் செய்தார். ஊரிலிருந்து வருகிற பத்துப் பேரில் ஆறேழு பேர் இதில் விழுகிறார்கள். டிக்கெட் இல்லாமல் ஏறாதீர்கள், பர்ஸைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்பதெல்லாம் யாருக்கும் தெரியும், அதை விட்டுவிடுகிறேன். நன்றாக விசாரித்து, கணக்குப் போட்டு வருகிறவர்களும் சறுக்குகிற இடங்கள் மட்டும் இங்கே. விலைகளும் அவற்றை வைத்துப் போட்ட கணக்குகளும் 2025-ஆம் ஆண்டுக் கட்டணப்படி. ஜனவரி பிறந்தால் விலை நகரும், கிளம்பும் முன் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

வாரப் பாஸை வாங்கிய நாளிலிருந்து எண்ணுவது

நவிகோ என்பது பாரிஸின் போக்குவரத்துக் கார்டு. அதில் ஏற்றும் வாரப் பாஸ் 31.60 யூரோ. மெட்ரோ, பஸ், டிராம், ஆர்.ஈ.ஆர். என்கிற புறநகர் ரயில், மோன்மார்த்ரு குன்றில் ஏறும் இழுவை ரயில், எல்லாம் அதில் அடக்கம். சார்ல் த கோல் விமான நிலையத்திலிருந்து ஊருக்குள் வரும் ரயிலும் அடக்கம். அது தனியாக 13 யூரோ டிக்கெட். இவ்வளவையும் படித்ததும் யாருக்கும் கை துறுதுறுக்கும்.

சிக்கல் அந்த ‘வாரம்’ என்ற சொல்லில் இருக்கிறது. ஒரு வாரம் லீவு போட்டேன் என்று நாம் சொன்னால் புதனில் தொடங்கி அடுத்த செவ்வாயில் முடியலாம். இந்தப் பாஸுக்கு வாரம் என்றால் திங்கள் காலை முதல் ஞாயிறு நள்ளிரவு வரை. நீங்கள் வியாழன் சாயங்காலம் வாங்கினாலும் ஞாயிறோடு சரி. விலையில் ஒரு காசு குறையாது.

அடுத்த சூட்சுமம், அந்த வாரத்துக்கான பாஸ் வியாழன் வரைதான் விற்பனைக்கு. வெள்ளிக்கிழமை முதல் மெஷின் அடுத்த வாரத்துப் பாஸைத்தான் தரும். சனிக்கிழமை இறங்குகிறவர் விமான நிலையத்திலேயே பாஸ் வாங்குகிறார். திரையில் தேதி இருக்கிறது, ஆனால் பன்னிரண்டு மணி நேரம் விமானத்தில் உட்கார்ந்து வந்த கண் தேதியைப் பார்க்காது, விலையைத்தான் பார்க்கும். கார்டைக் கேட்டில் வைக்கிறார், திறக்கவில்லை. திரும்பிப் போய் 13 யூரோவுக்கு இன்னொரு டிக்கெட். அந்த வாங்கிய பாஸ் வீணில்லை, திங்களன்று உயிர் பெறும். ஆனால் அதற்குள் அவருக்கு ஊர் மேலேயே கோபம் வந்துவிடுகிறது.

என் கதை இன்னும் கேவலம். 2016 ஆகஸ்டில் ஒரு புதன்கிழமை வந்து இறங்கினேன். பாஸ் வாங்கி, டைரியில் ‘செவ்வாய் வரை’ என்று எழுதியும் வைத்தேன். திங்களன்று பஸ்ஸில் ஏறிக் கார்டை வைத்தால் கீச் என்று ஒரு சத்தம், சிவப்பு விளக்கு. மெஷின் கோளாறு என்று நானே தீர்ப்புச் சொல்லிவிட்டுப் பின் சீட்டில் போய் உட்கார்ந்தேன். இரண்டு நிறுத்தம் தாண்டி மூன்று பரிசோதகர்கள் ஏறினார்கள். டைரியை எடுத்துக் காட்டினேன். அதில் ஒருவர் அதை வாங்கி மரியாதையாகப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். அப்புறம் ஐம்பது யூரோவுக்கு ரசீது எழுதினார்.

இப்போது அக்கா கணக்குக்கு வருவோம். இதை ஒரு காகிதத்தில் போட்டுப் பார்த்த பிறகுதான் எனக்கு எரிச்சல் அடங்காமல் போனது.

வியாழன் சாயங்காலம் வந்தார்கள். வெள்ளி முழுக்கத் தூக்கம். எழுந்ததும் பக்கத்திலேயே இருக்கும் லா ஷப்பல் தமிழ்க் கடைகளுக்கு நடந்தே போய் இட்லி, மளிகைச் சாமான். சனிக்கிழமை என் வீட்டுக்கு வந்து போனார்கள், ஞாயிறு ஈஃபிள் கோபுரம் போய் வந்தார்கள். ஆக, ஆளுக்கு விமான நிலைய ரயில் ஒன்று, சாதாரணப் பயணம் நாலு. தனித்தனி டிக்கெட் வாங்கியிருந்தால் 13 யூரோ, அப்புறம் நாலு இரண்டரை பத்து, மொத்தம் 23. அவர்கள் கொடுத்தது 31.60.

நெடுந்தூரப் பயணங்களைத் திங்களுக்கும் செவ்வாய்க்கும் ஒதுக்கியிருந்தார்கள். வார இறுதியில் கூட்டம் இருக்கும் என்று யோசித்துத்தான். திங்கள் டிஸ்னிலாந்து, செவ்வாய் வெர்சாய் அரண்மனை (திங்களன்று அரண்மனை மூடியிருக்கும், அதையும் சரியாகப் பார்த்து வைத்திருந்தாள்), அன்று மாலை இன்னொரு போக்குவரவு, புதன் காலை விமான நிலையம். ஆறு டிக்கெட் 15, விமான நிலையம் 13. இன்னொரு 28 யூரோ. மொத்தம் ஆளுக்கு 59.60.

இதே ஏழு நாளைத் திங்கள் முதல் ஞாயிறு வரை போட்டிருந்தால்? வெர்சாயைச் செவ்வாயிலேயே வைத்துக்கொண்டு, அதே இடங்கள், அதே நடை, அதே இட்லி. 31.60 யூரோவோடு முடிந்திருக்கும். ஆளுக்கு 28 யூரோ மிச்சம், நாலு பேருக்கு 112. தேதியை மாற்றக்கூட வேண்டாம், பாஸே வாங்காமல் எல்லாம் டிக்கெட்டிலேயே போயிருந்தாலும் 51 தான் ஆகியிருக்கும். பாஸ் வாங்கினதால் நஷ்டம் என்பதை அக்கா இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. “பாஸ் பாஸ்தானே” என்கிறாள். ஆகஸ்டிலேயே இதையெல்லாம் வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பினேன். இரண்டு நீல டிக் விழுந்தது, அவ்வளவுதான்.

அதனால் விமான டிக்கெட் போடும்போதே பாஸையும் யோசித்துவிடுங்கள். தேதியை நகர்த்த முடியாவிட்டால் பரவாயில்லை, எண்ணிப் பார்க்கலாம்.

எண்ணாமல் வாங்குவது

நான் வருகிறவர்களுக்குச் சொல்லும் கணக்கு மூன்று, எட்டு, பதின்மூன்று.

விமான நிலையத்திலிருந்து வருவதும் திரும்பிப் போவதும் ஒரே திங்கள்–ஞாயிறுக்குள் விழுந்தால், அந்த இரண்டுக்கே 26 யூரோ ஆகிறது. மேற்கொண்டு மூன்று பயணம் போனாலே வாரப் பாஸ் லாபம். யோசிக்கவே வேண்டாம்.

வருவது, போவது இரண்டில் ஒன்று மட்டும் விழுந்தால், மேற்கொண்டு எட்டுப் பயணமாவது வேண்டும். ஒன்றுமே விழாவிட்டால் அந்த வாரத்தில் பதின்மூன்று பயணம் வேண்டும். தினம் காலையில் போய் ராத்திரி திரும்புகிறவருக்கு இது வராது. நடுவில் இரண்டு மூன்று இடம் தாவுகிறவருக்கு வரும்.

மெட்ரோவிலிருந்து பஸ்ஸுக்கு மாறினால் இரண்டு பயணமாக எண்ணுங்கள். மெட்ரோவுக்கும் ரயிலுக்கும் ஒரு டிக்கெட் (2.50), பஸ்ஸுக்கும் டிராமுக்கும் வேறு டிக்கெட் (2 யூரோ). ஒன்றிலிருந்து மற்றதற்கு அதே டிக்கெட்டில் போக முடியாது. மெட்ரோவுக்குள்ளேயே எத்தனை லைன் மாறினாலும் இரண்டு மணி நேரத்துக்குள் ஒரே டிக்கெட்தான், ஆனால் கேட்டைத் தாண்டி வெளியே வந்துவிட்டால் கதை முடிந்தது.

வயதானவர்கள் கூட வந்தால் இந்தக் கணக்கு மாறிவிடும். பாரிஸ் மெட்ரோ பழைய மெட்ரோ, பெரும்பாலான ஸ்டேஷன்களில் லிஃப்ட் கிடையாது. பதினாலாவது லைன் மாதிரி புதியவற்றில்தான் உண்டு. முட்டி வலிக்காரர்கள் முதல் நாளே படிக்கட்டைப் பார்த்துவிட்டு, மறுநாளிலிருந்து பஸ்ஸுக்கு மாறிவிடுவார்கள். பஸ் இறங்கி மெட்ரோ, மெட்ரோ இறங்கி பஸ் என்று போகையில் பதின்மூன்று என்பது மூன்றே நாளில் தாண்டிவிடும். அப்படிப்பட்டவர்களுக்கு நான் கணக்கே பார்ப்பதில்லை, பாஸ் வாங்கிக் கொடுத்துவிடுவேன்.

சுற்றுலாப் பயணிகளுக்கான பாஸ் என்றதும் நமக்குத்தான் என்று நினைப்பது

பாரிஸ் விசித் என்று ஒன்று உண்டு. ஒரு நாளைக்கு 29.90, ஐந்து நாளுக்கு 76.25. விமான நிலையம் அடக்கம், சில இடங்களில் நுழைவுச்சீட்டில் தள்ளுபடியும் தருகிறார்கள். ஐந்து நாள் எந்தக் கிழமையில் தொடங்கினாலும் ஓடும் என்பது ஒன்றுதான் அதன் மெச்சத்தக்க குணம்.

இரண்டு வாரப் பாஸ் வாங்கினாலே 63.20தான். வாரம் பாதியில் முறிந்தாலும் இரண்டு வாங்குவது மலிவு. பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள். உள்ளூர்க்காரன் வாங்குவதை நாமும் வாங்கலாம், யாரும் அடையாள அட்டை கேட்பதில்லை.

தவறான கார்டு

நவிகோ ஈஸி 2 யூரோ. இதில் டிக்கெட்டுகளும் ஒருநாள் பாஸும் ஏற்றலாம், வாரப் பாஸ் ஏறாது. வாரப் பாஸுக்கு 5 யூரோ கொடுத்து நவிகோ தெக்கூவெர்ட் கார்டு வாங்க வேண்டும், இல்லையென்றால் போனில் ஏற்றிக்கொள்ள வேண்டும். மெஷின் முன்னால் நின்று இதைக் கண்டுபிடிக்காதீர்கள்.

போனில் ஏற்றினால் அந்த 5 யூரோ மிச்சம்தான். ஆனால் நாள் முழுக்கப் படம் எடுத்துவிட்டு ராத்திரி பத்து மணிக்குச் சார்ஜ் இல்லாமல் நிற்கிறவர் கையில் பாஸும் இல்லாமல் போகலாம்.

ஒரு கார்டு, நாலு பேர்

நடக்காது. ஆளுக்கு ஒன்று.

ஒருநாள் பாஸை 24 மணி நேரம் என்று நினைப்பது

நவிகோ ஜூர் 12 யூரோ. அந்தத் தேதி நள்ளிரவோடு முடியும். மத்தியானம் மூன்று மணிக்கு வாங்கினால் அடுத்த நாள் மூன்று மணி வரை என்று அர்த்தமில்லை. ஐந்து பயணம் போனால்தான் கட்டும். விமான நிலையத்துக்கு இது செல்லாது, திரும்பும் நாளில் இதை நம்பிப் போய் மாட்டியவரை எனக்குத் தெரியும். அவரும் என் உறவுதான், விட்டுவிடுகிறேன்.

பழைய கணக்கு

2025 ஜனவரிக்கு முன் வெர்சாய்க்கும் டிஸ்னிலாந்துக்கும் தூரத்துக்கு ஏற்றபடி தனி டிக்கெட். நகரத்து டிக்கெட்டில் போனால் அபராதம். இப்போது இரண்டுக்குமே அதே நகரத்து டிக்கெட்தான். முன்னால் வந்துபோன உறவினர் சொன்னதை வைத்து, வெளியூர் போகிறோமே, பாஸ் இருந்தால்தான் கட்டும் என்று முடிவு செய்யாதீர்கள். அவர் சொன்னது அவர் வந்தபோது சரி.

பிள்ளைகளுக்கும் பாஸ்

நாலு வயதுக்குள் இலவசம். நாலிலிருந்து ஒன்பது வரை டிக்கெட்டில் பாதி விலை. வாரப் பாஸில் அந்தப் பாதி கிடையாது. எட்டு வயதுப் பிள்ளைக்கு வாரப் பாஸ் வாங்கும் முன் எண்ணிப் பாருங்கள், மேலே சொன்ன மூன்று, எட்டு, பதின்மூன்று இங்கே பதினைந்து, இருபத்தொன்று, இருபத்தாறு ஆகிவிடும்.

மெஷின் பக்கத்தில் உதவ வருகிறவர்

வேண்டாம் என்று சொல்லிவிட்டுக் கவுண்டருக்குப் போங்கள்.

பாஸ் இருக்கிறதே என்று கார்டை வைக்காமல் ஏறுவது

பஸ்ஸில் கேட் கிடையாது என்பதால் இது நடக்கும். வாரப் பாஸ் இருந்தாலும் ஒவ்வொரு முறையும் மெஷினில் வைத்தாக வேண்டும்.

போட்டோ

தெக்கூவெர்ட் கார்டில் 25-க்கு 30 மில்லிமீட்டர் அளவில் போட்டோ ஒட்டி, பெயர் எழுதி, கையெழுத்துப் போட வேண்டும். போட்டோ இல்லாத கார்டு பரிசோதகருக்கு இன்னொரு ரசீது. விமான நிலையத்தில் போட்டோ மெஷினைத் தேடி அலையாதீர்கள், விசாவுக்கு எடுத்த போட்டோவில் இரண்டு மூன்று எப்படியும் மிச்சம் இருக்கும். அது 35-க்கு 45, வெட்டத்தான் வேண்டும். பெரிய கத்தரிக்கோலைக் கைப்பையில் எடுத்துவர முடியாது, அதனால் ஊரிலேயே அளந்து வெட்டிக் கவரில் போட்டுக்கொள்ளுங்கள். மாமாவின் போட்டோவை அக்கா என் சமையலறைக் கத்தரிக்கோலால் வெட்டினாள். மீசையிலிருந்து விபூதி வரை இருக்கிறது, காது இரண்டும் இல்லை. அந்தக் கார்டை அவர் இன்னும் பர்ஸில் வைத்திருக்கிறார்.