மலைக்கு மூன்று நாள், முதுகில் எட்டு கிலோ

அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் காட்டில் இரண்டு மூன்று நாள் நடக்கப் போகிறீர்களா? வனத்துறை அனுமதி கிடைத்தவுடன் பையைத் தராசில் வையுங்கள். உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டினால் மூட்டு தாங்காது.

அதிகம் கனப்பது தண்ணீர்தான். ஒரு லிட்டருக்கு ஒரு கிலோ. ஆனாலும் அதில் மட்டும் கை வைக்காதீர்கள். கோடையில் இங்கே ஓடைகள் வறண்டுவிடும். குறைக்க வேண்டியது துணியை. உடுத்தியது ஒன்று, மாற்று ஒன்று போதும். ஜீன்ஸ் வேண்டவே வேண்டாம், நனைந்தால் கல்லாகக் கனக்கும், எளிதில் காயாது.

உணவுக்கு நம் ஊர்க் கேழ்வரகைவிட நல்ல துணை எனக்குத் தெரியவில்லை. மாவை வாசம் வரும்வரை வறுத்து, வெல்லத்தூளும் வறுத்த வேர்க்கடலைப் பொடியும் கலந்து, ஒரு வேளைக்கு ஒரு பொட்டலமாகக் கட்டிக்கொள்ளுங்கள். தண்ணீர் விட்டுப் பிசைந்தால் சாப்பாடு. அடுப்பும் பாத்திரமும் மிச்சம்; காட்டில் தீ மூட்டவும் கூடாது. வாழைப்பழம், பலாப்பழம் வேண்டாம், யானை நடமாடும் இடம்.

டார்ச், விசில், மருந்து மூன்றையும் மேல் பையில் வையுங்கள். காலிப் பொட்டலங்களைக் கட்டாயம் திரும்பக் கொண்டுவாருங்கள்.